ஒரே வயல், இரண்டு முடிவு: ஹெம்ப் சோதனைக்கூடங்களுக்கு என்ன தரம் கேட்க வேண்டும்?

வரப்போரம்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் தென்கிழக்கே ஒரு பண்ணையில் உரிமம், ஆவணம், கணக்கு பார்ப்பது என் வேலை. ஹெம்ப், அதாவது போதை தரும் டிஎச்சி மிகக் குறைவாக உள்ள கஞ்சாச் செடி வகை, பயிரிடுகிறோம். போதை தராத சிபிடி என்ற பொருளின் எண்ணெய்க்காகப் பூ அறுக்கும் ரகம்.

அறுவடைக்கு முன்னால் நாங்களே செடிகளை வெட்டி ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். மொத்த டிஎச்சி 0.27% என்று அறிக்கை வந்தது. சட்ட வரம்பு 0.3% என்பதால் அறுவடைக்கு ஆள் பேசிவிட்டோம். அதன் பிறகு அதிகாரப்பூர்வமாக மாதிரி எடுக்கும் முகவர் வந்து அதே வயலில் வெட்டிக்கொண்டு போனார். அந்த மாதிரி வேறொரு கூடத்துக்குப் போனது. முடிவு 0.38%, கூட்டல் கழித்தல் 0.05. அந்த வயல் இப்போது சட்டப்படி ஹெம்ப் கிடையாது.

இரண்டு கூடங்களுமே தங்கள் இணையதளத்தில் 'சான்று பெற்றது' என்று போட்டிருக்கிறார்கள். யார் கொடுத்த சான்று, எதற்கான சான்று? எந்த விதியின் கீழ் இவர்கள் வேலை செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வயலில் பூ முற்றிக்கொண்டே போகிறது.

துலாக்கோல்

வரப்போரம் தம்பி, முதல் கூடத்தின் அறிக்கையைக் கையில் எடுத்து நான்கு விஷயம் பாருங்கள். எண் உலர் எடைக்கா, அல்லது மாதிரி வந்த ஈரத்தோடேயா? ஈரப்பதம் எத்தனை சதவீதம்? டெல்டா-9 டிஎச்சியையும் (போதை தரும் வடிவம்) டிஎச்சிஏவையும் (அதன் அமில வடிவம்) தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்களா? அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது அந்தக் கூட்டல் கழித்தல், எங்காவது இருக்கிறதா? நான் இருபது வருடமாக குரோமட்டோகிராஃபி, அதாவது கலவையைப் பிரித்து அளக்கும் வேலையில் இருப்பவன். இந்த நான்கும் தெரியாமல் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது.

வரப்போரம்

நன்றி சார். அறிக்கையில் உள்ளபடி: டெல்டா-9 0.05%, டிஎச்சிஏ 0.25%, ஈரப்பதம் 11%. கீழே சிறிய எழுத்தில் 'பெறப்பட்ட நிலையில்' என்று இருக்கிறது. கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை.

துலாக்கோல்

பாதி விடை இங்கேயே இருக்கிறது.

பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் அமில வடிவில், டிஎச்சிஏவாகத்தான் இருக்கும். சூடு பட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்று டிஎச்சி ஆகும். டிஎச்சிஏவின் மூலக்கூறு எடை சுமார் 358, டிஎச்சிக்கு 314. வகுத்தால் 0.877. ஆகவே மொத்த டிஎச்சி = டெல்டா-9 + 0.877 × டிஎச்சிஏ. உங்கள் கணக்கில் 0.05 + 0.219 = 0.269. அதைத்தான் 0.27 என்று போட்டிருக்கிறார்கள். கூட்டலில் பிழை இல்லை.

ஆனால் சட்டம் கேட்பது உலர் எடைக்கு. 11% தண்ணீரைக் கழித்தால் 0.269 ÷ 0.89 = 0.302. ஆக, நீங்கள் அறுவடைக்கு ஆள் பேசிய அன்றே வயல் கோட்டின் மேல்தான் நின்றிருக்கிறது. இந்த வகுத்தலைச் செய்து தருவது கூடத்தின் கடமை. அமெரிக்க வேளாண் துறையின் இறுதி விதி (2021 ஜனவரி 19இல் வெளியாகி மார்ச் 22 முதல் நடைமுறையில் இருப்பது) உலர் எடைக்கான மொத்த டிஎச்சியையும் அளவீட்டு நிச்சயமின்மையையும் அறிக்கையில் தரச் சொல்கிறது. உங்கள் முதல் அறிக்கை அதிகாரப்பூர்வச் சோதனை இல்லை என்பதால் அந்தக் கூடம் அவற்றை விட்டிருக்கலாம். விவசாயி அந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? எனக்கு இதில் கோபம் உண்டு.

0.302க்கும் 0.38க்கும் இடையே உள்ள மீதி வித்தியாசம், மாதிரி எடுத்த விதத்திலும் நாளிலும் இருக்கக்கூடும். அதை மருதம் எழுதினால் நன்றாக இருக்கும்.

மருதம்

கூப்பிட்டதற்கு நன்றி. நான் பயிர் மரபியல் ஆள். வரப்போரம், நீங்கள் வெட்டியபோது செடியின் எந்தப் பகுதியை வெட்டினீர்கள்?

வரப்போரம்

ஓரத்தில் இருந்த சில செடிகளின் நடுக்கிளைகள். இலையும் தண்டும் கலந்து இருந்தது.

மருதம்

அப்படியென்றால் வித்தியாசம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். முகவர் வெட்ட வேண்டிய இடத்தை விதியே சொல்கிறது: பூக்கும் நுனியிலிருந்து சுமார் 5 முதல் 8 அங்குலம். டிஎச்சிஏவைச் சுரக்கும் பிசின் மயிர்கள் அடர்ந்திருப்பது அங்கேதான். தண்டில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. 2019 அக்டோபரில் வந்த இடைக்கால விதியில் மாதிரி எடுத்து 15 நாளுக்குள் அறுக்க வேண்டும் என்று இருந்தது. விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு இறுதி விதியில் அது 30 நாள் ஆனது. அந்த இடைவெளியில் பூ முற்றும், டிஎச்சியும் ஏறும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வயல் கிளறிவிட்ட பானை இல்லை. அதனால்தான் எத்தனை செடி வெட்ட வேண்டும் என்பதற்குப் புள்ளியியல் அடிப்படை வைத்திருக்கிறார்கள்: ஒரு தொகுதியில் ஒரு சதவீதத்துக்கு மேல் செடிகள் வரம்பைத் தாண்டவில்லை என்று 95% உறுதியோடு சொல்லும் அளவுக்கு எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெயில், வறட்சி, உரம் தப்பிப்போனதால் டிஎச்சி ஏறிவிட்டது என்று பண்ணைகளில் அடிக்கடி சொல்வார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் செடிகளுக்கு வெவ்வேறு அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பாதிப்பு இல்லை, மரபணுதான் தீர்மானிக்கிறது. சிபிடியின் அமில வடிவமான சிபிடிஏவை உண்டாக்கும் நொதி கூடவே கொஞ்சம் டிஎச்சிஏவையும் உண்டாக்கிவிடும். விகிதம் ஏறக்குறைய 20க்கு 1 முதல் 30க்கு 1 வரை. ஆகவே சிபிடி 6 முதல் 9 சதவீதத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் டிஎச்சி 0.3ஐத் தொட்டே தீரும். சிபிடி 12% தருகிறேன், டிஎச்சி 0.3க்குள் நிற்கும் என்று விதை விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்காவின் ஆர்தர் கிராங்க்விஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1976இல் வகைப்பாட்டுக்காக ஒரு கோடு கிழித்தார்கள். தாங்கள் தன்னிச்சையாகத் தேர்ந்த அளவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அளந்தது இளம் இலைகளை. இன்றைய சட்டம் அளப்பது முற்றிய பூ நுனியை. அதே எண், வேறு உறுப்பு. 2018 டிசம்பர் 20இல் கையெழுத்தான பண்ணைச் சட்டம் இந்தக் கோட்டின் ஒரு பக்கத்தைப் பயிர் என்றும், மறு பக்கத்தைத் தடைசெய்த போதைப்பொருள் என்றும் ஆக்கிவிட்டது.

நெடுஞ்சாலை

வரப்போரம் கேட்ட 'சான்று' கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஒரு சிறிய கூடத்தில் வேலை செய்தவன், சொல்கிறேன்.

கூடங்கள் காட்டும் காகிதங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் (டிஇஏ) கொடுக்கும் பதிவு. இரண்டு, சோதனைக்கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம். இறுதி விதி கட்டாயம் என்று சொன்னது முதலாவதை. வரம்பைத் தாண்டிய மாதிரி கூடத்துக்குள் வந்தால் அது சட்டப்படி மரிஹுவானா, அதைக் கையாளப் பதிவு வேண்டும் என்பது காரணம். ஆனால் பதிவு பெற்ற கூடங்கள் போதவில்லை. அறுவடைக் காலத்தில் மாதிரிகள் தேங்கும் என்று தெரிந்து அந்தக் கட்டாயத்தை வேளாண் துறை திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தது. இரண்டாவதான ஐஎஸ்ஓ 17025ஐ 'இருந்தால் நல்லது' என்ற அளவில் மட்டுமே வழிகாட்டுதல் சொல்கிறது.

என் கருத்து: இதற்கு மேல் கட்டாயம் ஏற்றாதீர்கள். அங்கீகாரத்துக்கு வருடா வருடம் கட்டணம், தணிக்கையாளர் வருகை, அதற்கென்றே ஒரு தர மேலாளர் சம்பளம். ஊரகப் பகுதியில் ஒரு எச்பிஎல்சி (திரவத்தில் கரைத்துப் பிரித்து அளக்கும்) கருவியும் இரண்டு பேரும் உள்ள கூடம் இதைத் தாங்காது, மூடிவிடும். பிறகு விவசாயி மாதிரியை நானூறு மைல் அனுப்ப வேண்டும். சோதனைக் கட்டணம் ஏறும். 30 நாள் கெடு யாருக்காகவும் நிற்காது.

துலாக்கோல்

நெடுஞ்சாலை, செலவு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

டிஇஏ பதிவு எதைப் பார்க்கிறது? பூட்டு, பெட்டகம், பதிவேடு, அழிப்பு. மாதிரி திருட்டுப் போகாது என்பதற்கு அது உறுதி. எண் சரி என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு விவசாயியின் வருடத்து உழைப்பை அழிக்கும் அதிகாரம் அந்த எண்ணுக்கு இருக்கிறது. அதைச் சரிபார்க்கும் தரத்தை விருப்பத்துக்கு விட்டுவிட்டுப் பூட்டைக் கட்டாயமாக்குவது எந்த ஊர் நியாயம்?

ஐஎஸ்ஓ 17025இன் 2017 பதிப்பு கேட்பவற்றைப் பாருங்கள். முறை செல்லுபடியானது என்று நிரூபிக்க வேண்டும். அளவீட்டு நிச்சயமின்மையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அளவீடு தேசியத் தரங்களோடு சங்கிலியாக இணைய வேண்டும். மற்ற கூடங்களோடு ஒப்பிடும் திறன் சோதனைகளில் பங்கெடுக்க வேண்டும். 'தேர்ச்சி', 'தோல்வி' என்று எழுதினால் எந்த முடிவு விதியைக் கொண்டு எழுதினோம் என்று சொல்ல வேண்டும்.

இந்த முடிவு விதியில்தான் இன்றைய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இருக்கிறது. வேளாண் துறை 'ஏற்கத்தக்க டிஎச்சி அளவு' என்று வரையறுத்திருப்பது இப்படி: நிச்சயமின்மையைச் சேர்த்தால் வரும் வீச்சுக்குள் 0.3% அடங்கினால் பயிர் தேறியது. விதியே தரும் உதாரணம், 0.35% ± 0.06%. வீச்சு 0.29 முதல் 0.41 வரை. தேர்ச்சி. விவசாயிக்குச் சந்தேகத்தின் பலனைத் தருவது, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த ± எவ்வளவு வரை இருக்கலாம் என்று மேல்வரம்பு எதுவும் வைக்கவில்லை. முறையின் செயல்திறன் தரங்களைப் பின்பற்றினால் அது தானே கட்டுக்குள் இருக்கும் என்பது துறையின் வாதம்.

வரப்போரத்தின் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 0.38 ± 0.05 என்றால் கீழ்முனை 0.33, தோல்வி. அதே மாதிரியை அளக்கும் இன்னொரு கூடம், கவனமில்லாமல் வேலை செய்து ± 0.09 என்று போட்டால் கீழ்முனை 0.29, தேர்ச்சி! துல்லியமாக அளக்கும் கூடம் வாடிக்கையாளரை இழக்கும். தளர்வாக அளக்கும் கூடத்துக்குக் கூட்டம் சேரும். தரம் கூடக் கூட வருமானம் குறையும்படி ஒரு விதியை எழுதிவிட்டு, கூடங்கள் நேர்மையாக இருக்கட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நெடுஞ்சாலை

இந்த ± விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மேல்வரம்பு வைக்கலாம். அதற்கு அங்கீகாரம் எதற்கு? கட்டாயத் திறன் சோதனை போதுமே. வருடத்துக்கு இரண்டு முறை ஒரே பொடியை எல்லாக் கூடத்துக்கும் அனுப்பட்டும், எண் சரியாக வந்தால் வேலை செய்யட்டும். கென்டக்கி பல்கலைக்கழகம் ஹெம்புக்கு அப்படி ஒரு திட்டம் நடத்துகிறது. தேசியத் தர நிறுவனமான நிஸ்டும் 2020இல் கன்னாகியூஏபி என்ற ஒப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. காகிதக் கட்டுகளைவிட அது சிறிய கூடத்துக்குக் கட்டுப்படியாகும்.

துலாக்கோல்

திறன் சோதனைக்கு வரும் பொடி நன்றாக உலர்த்தி, அரைத்து, கலந்து வரும். வயலிலிருந்து வருவது ஈரமும் விதையும் தண்டும் சேர்ந்த பை. பல கூடங்கள் தடுமாறுவது அங்கேதான். வேளாண் துறையின் வழிகாட்டுதல்படி மாதிரியை எடை மாறாத நிலைக்கு, பொதுவாக 5 முதல் 12 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தி, 1.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள சல்லடையில் தேய்த்து, விதையையும் தடித்த தண்டையும் நீக்க வேண்டும். பிறகு இரண்டாகப் பிரித்து ஒன்றைச் சோதிக்க, ஒன்றை இருப்பில் வைக்க. சல்லடையில் ஒட்டிக்கொள்ளும் பிசினைச் சேர்க்காமல் விட்டால் எண் இறங்கிவிடும். உலர்த்தும் அடுப்பு அதிகம் சூடானால் டிஎச்சிஏ அங்கேயே மாறத் தொடங்கும். இதையெல்லாம் தணிக்கையாளர் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

கருவிக்கும் இதே கதைதான். ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி கருவியில் ஊசி போடும் இடமே சூடாக இருப்பதால் டிஎச்சிஏ மாறி வரும். மாற்றம் முழுமையாக நடந்ததா என்று நிரூபிக்க வேண்டும். எச்பிஎல்சியின் வரைபடத்தில் இரண்டும் தனித்தனி உச்சமாக வரும், 0.877ஐக் கணக்கில் சேர்க்க வேண்டும். டெல்டா-9இன் நெருங்கிய உறவான டெல்டா-8 டிஎச்சி கலந்த சரக்கு என்றால் அதன் உச்சம் டெல்டா-9க்கு ஒட்டியே நிற்கும். மூலக்கூறு எடை இரண்டுக்கும் ஒன்று என்பதால் நிறைமானியும் (மூலக்கூறு எடையை அளக்கும் கருவி) எடையை வைத்து மட்டும் பிரித்துச் சொல்லாது. செயல்திறன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு பகுப்பாய்வு முறைகளுக்கான அமைப்பான ஏஓஏசியின் 2019.003 தரம் இருக்கிறது. 2024இல் நிஸ்ட் ஆர்எம் 8210 என்ற ஹெம்ப் ஒப்பீட்டுப் பொருளையும் வெளியிட்டுவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான பொருளே கிடையாது என்ற பழைய சாக்கு இனி செல்லாது.

சிறிய கூடங்களின் செலவை மாநிலங்கள் பகிர்ந்துகொள்ளட்டும். உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள் அல்லவா?

காவிரிக்கரை

சென்னையில் உணவுச் சோதனைக்கூடம் ஒன்றில் இருக்கிறேன். ஹெம்ப் எங்களிடம் வருவதில்லை. ஆனால் இந்த விவாதம் எனக்குப் பழக்கமானது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, என்ஏபிஎல் போன்ற அங்கீகார அமைப்பின் சான்று பெற்ற கூடங்களைத்தான் அதிகாரப்பூர்வச் சோதனைக்கு அறிவிக்கிறார்கள். அடிப்படை அதே ஐஎஸ்ஓ 17025. மிளகாய்த்தூளில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சைப் பார்க்கவே இந்தக் கட்டுப்பாடு. தொடக்கத்தில் எல்லோரும் முணுமுணுத்தோம். இன்று அந்த அங்கீகாரம் இல்லாத கூடத்தின் அறிக்கையை ஏற்றுமதியாளர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பயிரை அழிக்கும் முடிவுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்கா நினைப்பது எனக்கு விளங்கவில்லை.

ரைன்நதி

ஐரோப்பாவில் ஒரு வித்தியாசம். இங்கே வயல் ஆய்வுக்கு எந்தப் பகுதி, எந்த நாள், எந்தக் கருவி என்று எல்லாமே ஒரே முறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெண் பூங்கொத்து உள்ள மேல் 30 சென்டிமீட்டர், பூக்கத் தொடங்கி 20 நாள் முதல் பூத்து முடிந்து 10 நாள் வரை, ஜிசி முறை. ரகமும் பொதுப் பட்டியலில் உள்ளதாக, சான்று பெற்ற விதையாக இருந்தால்தான் மானியம். வரம்பு 2022 முடியும் வரை 0.2%, 2023 முதல் 0.3%. உணவாகப் பயன்படும் விதையிலும் எண்ணெயிலும் தனி வரம்பு: விதைக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம், எண்ணெய்க்கு 7.5. விதையைக் கட்டுப்படுத்திவிட்டால் சோதனைக்கூடத்தின் மேல் விழும் பாரம் பாதியாகக் குறைகிறது.

மருதம்

இது முக்கியமான புள்ளி. கனடாவும் அங்கீகரித்த ரகங்களின் பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் அப்படி ஒரு கட்டாயப் பட்டியல் இல்லாததால் விதை வியாபாரி சொல்லும் பொய்யும் கடைசியில் சோதனை மேசையில்தான் வெளிவருகிறது. நார், தானிய ரகங்களில் டிஎச்சி பொதுவாகவே மிகக் குறைவு. இறுதி விதியில் செயல்திறன் அடிப்படையிலான மாதிரி எடுப்புக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். மாநிலங்கள் அதைப் பயன்படுத்தி நார் விவசாயிகளை ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை என்ற சுமையிலிருந்து விடுவிக்கலாம். கூடங்களும் சிக்கலான பூ மாதிரிகளில் கவனம் வைக்க முடியும்.

வரப்போரம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கூடத்தோடு பேசினேன். இருப்பு மாதிரியை மறுபடி சோதிக்க எழுத்தில் கேட்டிருக்கிறேன், செலவு எங்களுடையது. அவர்கள் அறிக்கை உலர் எடைக்குத்தான். ± 0.05 எப்படி வந்தது என்று கேட்டதற்கு ஒரு பக்கக் கணக்கு அனுப்பினார்கள். முதல் கூடம் அதைக் கேட்டும் தரவில்லை.

மறுசோதனையும் தோற்றால் என்ன வழி? எங்கள் உரிமம் போய்விடுமா?

துலாக்கோல்

உரிமத்துக்கு ஆபத்து இல்லை. நியாயமான முயற்சி எடுத்து ஹெம்ப் பயிரிட்டவருக்கு, 1.0% வரை போனாலும் அது கவனக்குறைவுக் குற்றமாகாது. இடைக்கால விதியில் அந்த எல்லை 0.5% ஆக இருந்தது. ஐந்து வருடத்தில் மூன்று கவனக்குறைவுக் குற்றம் சேர்ந்தால்தான் ஐந்து வருடத் தடை.

பயிருக்கு இரண்டு வழி. பூவைத் தனியாக நீக்கி அழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். அல்லது முழுச் செடியையும் பொடியாக்கி ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையிலிருந்து புதிய மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். தண்டு சேர்வதால் 0.38 நன்றாக இறங்கும். பூவின் விலை கிடைக்காது, எண்ணெய் பிழிவதற்குத் தரலாம். இரண்டாவது வழியைக் கேட்டுப் பாருங்கள். இனிமேல் முன்சோதனைக்கும் முகவர் வெட்டும் அதே நுனியை வெட்டி, உலர் எடை, ± இரண்டும் தரும் கூடத்துக்கே அனுப்புங்கள்.

நெடுஞ்சாலை

இவ்வளவு பேசியதும் வயல் மாதிரியைப் பற்றி. 2025 நவம்பர் 12இல் கையெழுத்தான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஹெம்பின் வரையறையையே மாற்றியிருக்கிறார்கள். டிஎச்சிஏவும் சேர்ந்த மொத்த டிஎச்சிதான் இனி சட்ட வரையறையிலும் கணக்கு. நுகர்வோருக்குப் போகும் பொருளில் ஒரு கொள்கலனுக்கு 0.4 மில்லிகிராம் மட்டுமே. ஓராண்டு கழித்து நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. துலாக்கோல், 0.3 சதவீதத்துக்காகக் கட்டிய கூடங்கள் இதை அளக்குமா?

துலாக்கோல்

பலவற்றால் இன்றைய முறையில் முடியாது. 0.3% என்றால் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம். 355 மில்லிலிட்டர் பானக் குப்பியில் 0.4 மில்லிகிராம் என்றால் மில்லிலிட்டருக்கு 1.1 மைக்ரோகிராம். நூறு கிராம் மிட்டாய்ப் பொட்டலத்தில் அது கிலோவுக்கு 4 மில்லிகிராம். வயல் எல்லையோடு ஒப்பிட்டால் 750இல் ஒரு பங்கு. சர்க்கரை, ஜெலட்டின், எண்ணெய்க் கரைசல் என்று ஒவ்வொன்றுக்கும் பிரித்தெடுப்பு முறையைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அளவிடக்கூடிய மிகக் குறைந்த அளவு 0.4க்கு வெகு கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. புற ஊதாக் கண்டறிவான் மட்டும் வைத்திருக்கும் கூடங்கள் பெரும்பாலும் நிறைமானிக்கு மாற வேண்டியிருக்கும்.

இந்த எல்லைக்கு ± எப்படிப் பயன்படும் என்பதையாவது விதி எழுதுபவர்கள் இந்த முறை முன்கூட்டியே, மேல்வரம்போடு எழுத வேண்டும். பொதுக் கருத்துக் கேட்கும் காலம் வந்தால் நான் எழுதி அனுப்பப்போகிறேன். நெடுஞ்சாலை, சிறிய கூடங்களின் தரப்பை நீங்கள் எழுதுங்கள். வரப்போரம், உங்கள் இரண்டு அறிக்கைகளையும் பெயர்களை மறைத்துவிட்டு இணைக்க அனுமதி தருவீர்களா?

வரப்போரம்

தாராளமாக. மறுசோதனை முடிவு வந்ததும் மூன்றாவதாக அதையும் அனுப்புகிறேன்.